கம்பனி சொன்ன வேகம்

என் தம்பிக்கு எந்தப் பொருளையும் அது இருக்கிற மாதிரி இருக்க விடத் தெரியாது. மோட்டார் சைக்கிள் வாங்கினால் முதல் வாரமே சைலன்சரைக் கழற்றிப் பார்ப்பான். மின்விசிறி மூன்றாம் எண்ணில் சுற்றிக்கொண்டிருந்தால், உள்ளே எங்கோ நாலாம் எண் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பான். அப்படிப்பட்டவனுடைய கையில் என்னுடைய கொம்பியூட்டர் அகப்பட்டது.

என்னுடையது என்று உரிமையோடு சொல்கிறேன். என் கணவர் கல்முனை மெயின் வீதியில் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தார். கலியாண வீடியோதான் வருமானம். எங்கள் பக்கத்துக் கலியாணத்தில் ஆண்களின் கமரா பெண் வீட்டு உள்ளறைக்குள் வராது. பள்ளிவாசலையும் மாப்பிள்ளை ஊர்வலத்தையும் சாப்பாட்டுப் பந்தியையும் அவர் எடுப்பார். பெண்கள் பக்கத்தை நான் எடுப்பேன். எடுத்த கசட் என் கைக்கே வரும், கல்முனைக்குடியில் எங்கள் வீட்டு நடு அறையில் வைத்து நானே வெட்டி ஒட்டுவேன். அப்போது ஜன்னல் பூட்டியிருக்கும், திரை இழுத்திருக்கும், கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்திருக்கும். முக்காடு விலகிச் சிரிக்கும் பெண்களின் முகங்களை எந்த ஆணும் பார்க்கக் கூடாது. என் கணவருக்கும் தம்பிக்கும்கூட அதே சட்டம்தான். இந்த நம்பிக்கையில்தான் கல்முனைக்குடியில் பாதிப் பேர் எங்களிடம் வந்தார்கள்.

இந்த வேலைக்கு நான் வந்ததே ஒரு தற்செயல். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. யுத்தத்தில் பாதை மூடிக் கிடந்த காலத்தில் ஒரு தவணை போகவில்லை, பிறகு போகவே இல்லை. சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனமொன்று பெண்களுக்குத் தையல் பழக்கியது. நான் போன நேரம் தையல் மெசின் எல்லாம் ஆளுக்கொன்றாகப் பிடிபட்டுவிட்டது. மிஞ்சியிருந்த கொம்பியூட்டர் வகுப்பில் கொண்டுபோய் இருத்தினார்கள். பழகிக்கொண்டேன். ஆனால் பயம் போகவில்லை. படித்தவர்கள் ஒரு பொருள் பழுதானால் பொருளைத் திட்டுகிறார்கள். எனக்கு, நான் எந்தப் பட்டனை அழுத்தித் தொலைத்தேனோ என்றுதான் முதலில் தோன்றும்.

தம்பி உயர்தரம் வரைக்கும் படித்து, அதே நிறுவனத்தில் கொம்பியூட்டர் பார்க்கிறவனாக இருந்தான். யுத்தத்தின் கடைசி வருடங்களில் கரையோரத்துத் தொண்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பெட்டி கட்டின. போகும்போது மேசை, கதிரை, கொம்பியூட்டர் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் கதிரையும் அலுமாரியும் கொண்டுவந்தார்கள். இவன் சட்டைப் பைக்குள் நாலு ரேம் கொண்டுவந்தான். கொம்பியூட்டர் வேலை செய்யும்போது சாமானைப் பரத்தி வைத்துக்கொள்கிற இடம் அது, சின்னச் சீப்பு மாதிரி ஒரு துண்டு. ஒவ்வொன்றும் இரண்டு ஜீபி. ஒரு ஜீபி போட்ட கொம்பியூட்டரையே கடைக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக் காட்டிய காலம் அது.

நாலையும் என்னுடையதில் மாட்டினான். திரையில் மூன்று ஜீபிச் சொச்சம்தான் காட்டியது. மிச்சத்தை யாரோ களவெடுத்துவிட்ட மாதிரிச் சாப்பிடாமல் திரிந்தான். பிறகு வேறொரு விண்டோஸை ஏற்றினான், எட்டும் தெரிந்தது. தெருவில் போன மீன்காரரைக் கூப்பிட்டுக் காட்டாத குறை.

அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

"ராத்தா, இந்தப் புரொசஸர் தூங்குது" என்றான் ஒருநாள். அக்காவை எங்கள் பக்கம் ராத்தா என்பார்கள்.

"தூங்கட்டும். நான் சொல்ற வேலைய அது செய்யுதுதானே."

"கம்பனிக்காரன் பயந்துபோய்க் குறைச்சு எழுதியிரிக்கான். இது இன்னும் எவ்வளவோ ஓடும். ஓவர்க்ளொக் எண்டு சொல்றது. எழும்பக்குள்ள வாற பயோஸ் திரைக்குள்ள போய் ஒரு இலக்கத்த மாத்தினாக் காணும்."

"செஞ்ச கம்பனிக்காரனே பயப்படுறானெண்டா எனக்கு எவ்வளவு பயம் இரிக்கணும்?"

"உங்களுக்குப் பயமெண்டா அது கொம்பியூட்டர்ட பிழையா? நீங்க கோழி கத்தினாலும் பயப்படுற ஆள்."

அது உண்மைதான். என் கணவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு கலியாணத்தை டிவிடியாக்க அந்த இயந்திரம் ஒரு பகலும் இரவும் எடுக்கும். "செஞ்சு பாக்கட்டும் விடுகா" என்றார். இரண்டு ஆண்கள் ஒரு இயந்திரத்தைப் பற்றி ஒரே கருத்துக்கு வந்துவிட்டால் பெண்ணின் பேச்சு அங்கே எடுபடாது.

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். புரொசஸரும் ரேமும் ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் மாதிரி. ஒன்றை அடித்து ஓட்டினால் மற்றதும் ஓடியாக வேண்டும். இரண்டு ரேமோடு வேகத்தைக் கூட்டினான், நன்றாகத்தான் ஓடியது. நாலையும் மாட்டிக் கூட்டியபோது திரையே வரவில்லை. போதாததற்கு இரண்டு ரேம் ஒரு கம்பனி, மற்ற இரண்டும் வேறு கம்பனி.

"அப்ப ரெண்டக் கழட்டன்" என்றேன்.

"எட்டு ஜீபியக் கையில வெச்சிக்கொண்டு நாலுல ஓடுறதா? ஆக்கள் கேட்டாச் சிரிப்பாங்க."

"எந்த ஆக்கள்டா? இஞ்ச யாருக்கு அது தெரியும்?"

நாலுக்கும் கரண்டைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தான், திரை வந்தது. "பாத்தீங்களா?" என்றான். படுக்கையில் கிடக்கிறவரை ஊசி போட்டு எழுப்பி இருத்தின மாதிரித்தான் எனக்கு இருந்தது, ஆனால் சொல்லவில்லை. கோழிக்குப் பயப்படுகிற ஆள் அல்லவா நான்.

வேகத்தைச் சோதித்துப் பார்க்கவும் செய்தான், அதை மறுக்க மாட்டேன். கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிற ஒரு புரோகிராமை விடிய விடிய ஓட்டினான். ஜன்னல் திறந்திருந்தது, கடல் காற்று நேரே பெட்டிக்குள் அடித்தது, ஒரு பிழையும் வரவில்லை. ஆனால் நான் வேலை செய்கிற விதம் வேறு. ஜன்னல் பூட்டு, திரை, தாழ்ப்பாள். அதற்கு மேல், உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று பெட்டியைச் சுற்றிப் பழைய படுக்கை விரிப்பொன்றையும் போட்டிருந்தேன். அந்த விரிப்பை எடுக்கச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் விரிப்பு இருக்கிறதா என்று பார்க்க அவனுக்கு வழியும் இல்லை. அவன் சோதித்தது ஒரு கொம்பியூட்டரை, நான் வேலை செய்தது இன்னொரு கொம்பியூட்டரில்.

அந்த நேரத்தில்தான் அந்தக் கலியாணம் வந்தது.

இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு தாய்க்கு இரண்டு பெண் பிள்ளைகள். நான் அவரைச் சாச்சி என்று கூப்பிடுவேன். கடல் அவர்கள் வீட்டை அடியோடு கொண்டுபோனது. தகரக் கொட்டிலில் இருந்தபடியே மூத்தவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். எங்களில் பெண்ணுக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்பது, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார், சுவரும் கூரையும் எழும்பாமல் கலியாணப் பேச்சு எழும்பாது. மூத்தவள் அனுப்பிய காசில் வீடு எழும்பியது, இளையவளுக்கு மாப்பிள்ளை வந்தது. மூத்தவளுக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. தங்கச்சிக்கென்று ஒரு சங்கிலி வாங்கி, வருகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். நான் அங்கே இருக்கும்போதுதான் போனில் சொன்னாள்.

"உம்மா, அந்தச் சங்கிலிய நீங்க போட்டுவிடுற இடத்த முழுசா எடுக்கச் சொல்லுங்க. வேற ஒண்டும் எனக்குத் தேவல்ல. அத மட்டும் நான் பாக்கணும்."

எடுத்தேன். கூறைச் சேலையில் பெண்ணைக் கொண்டுவந்து இருத்தினார்கள். சாச்சி பின்னால் நின்று சங்கிலியின் கொளுக்கியை மாட்டப் பார்த்தார். கை நடுங்கியது, கொளுக்கி விழவில்லை. திரும்பவும் பார்த்தார், விழவில்லை. சுற்றி நின்ற பெண்கள் மாட்டுவதற்கு முதலே குரவை போடத் தொடங்கி, மூச்சு முட்டி நிறுத்தி, மறுபடி தொடங்கினார்கள். கடைசியில் மாட்டியபோது பெண்ணும் சிரித்தாள், தாயும் சிரித்தார். கமராவை அசைக்காமல் பிடித்திருந்தேன். என் வேலையில் அப்படி ஒரு நல்ல துண்டு கிடைப்பது அபூர்வம்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெண்கள் பக்கத்துக் கசட்டை கொம்பியூட்டருக்குள் ஏற்றியவுடனே, பெண்ணின் தாய்க்கு முன்னால் வைத்து அழித்துவிட வேண்டும். அழிப்பது என்றால் கமராவின் கண்ணை மூடியால் மூடிவிட்டு, அதே கசட்டில் முதலிலிருந்து கடைசிவரை இருட்டைப் பதிவதுதான். பிறகு அந்தக் கசட் அடுத்த கலியாணத்துக்குப் போகும். அநேகமான தாய்மார் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "சரி மகள், நான் நம்புறன்" என்று எழும்பிப் போவார்கள். சாச்சி போகவில்லை. பிளேன்டீயும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு, கமராவின் சின்னத் திரையில் அந்தக் கறுப்பை ஒரு நாடகம் பார்ப்பது மாதிரிக் கடைசி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதன் பிறகு டிவிடி செய்ய உட்கார்ந்தேன். பாதியில் திரை நீலமாகி நின்றது. திரும்பத் தொடங்கினேன், வேறொரு இடத்தில் நின்றது. சரி, கண்ணால் ஒருதரம் பார்ப்போம் என்று படத்தை ஓடவிட்டேன். பெண் வந்து இருக்கிறாள். சாச்சியின் கை கழுத்துப் பக்கம் போகிறது. அந்த இடத்தில் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாக வந்து முகம், கழுத்து, கை எல்லாவற்றையும் மூடிவிட்டது. குரவைச் சத்தமும் கரகரவென்று அறுந்தது.

கதவைத் திறக்காமலே தம்பியைக் கூப்பிட்டேன். அவன் வெளியே நின்றான், நான் உள்ளே. அவன் படத்தைப் பார்க்க ஏலாது. நான் பார்த்ததை அவனுக்குக் கதவு வழியே சொல்ல வேண்டும்.

"கட்டம் எண்டா எப்பிடிக் கட்டம்?"

"கட்டம் எண்டாக் கட்டம்தான்டா. உன்ட இடுப்புச் சாரன்ல இரிக்கிற மாதிரி."

"அசையுதா, நிக்குதா?"

"சிலது அசையுது. ஒண்டு பொண்ணுட மூக்குல நிக்குது."

"அது பிளேயர்ட பிழையா இரிக்கும். வேற பிளேயர்ல போடுங்க."

"போட்டன். அதுலயும் மூக்குலதான் நிக்குது."

"நீங்க பிழையா அமத்தியிரிப்பீங்க."

படத்தை மூடிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்து, "வந்து பார்டா உன்ட வேகத்த" என்றேன். அவன் உள்ளே வந்ததும் முதலில் பெட்டியைப் பார்த்தான், பிறகு விரிப்பைப் பார்த்தான். விரிப்பை விலக்கிக் கையை உள்ளே வைத்தவன் சுடுசட்டியைத் தொட்டவன் மாதிரி இழுத்துக்கொண்டான்.

"இதுக்கென்ன குளிருதா, போத்தி வெச்சிரிக்கிறீங்க?"

"எனக்கு முதல்ல சொல்லியிரிக்கணும். நீதானே படிச்சவன்."

ரேமைச் சோதிக்கிற புரோகிராமை ஓட்டினான். சிவப்பு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. ஒவ்வொரு ரேமாகத் தனியே மாட்டிப் பார்த்தான், ஒரு பிழையும் இல்லை. இரண்டு இரண்டாகப் பார்த்தான், அப்போதும் இல்லை. நாலையும் அந்த வேகத்தில், அந்தச் சூட்டில் ஒன்றாக வைத்தால் மட்டும் பிழை. குற்றவாளி யார் என்று கையை நீட்டிச் சொல்ல ஏலாத வழக்கு அது. எனக்கு ஒரே ஒரு ரேமையாவது பிடித்துத் திட்ட வேண்டும்போல் இருந்தது, அதற்கும் வழியில்லை.

கடைசியில் இரண்டைக் கழற்றினான். மதர்போட்டில் இருந்த சில்லறைக் காசு மாதிரியான பற்றரியைக் கழற்றித் திரும்பப் போட்டான். அவன் மாற்றின இலக்கங்கள் அழிந்து, எல்லாம் கம்பனி சொன்ன வேகத்துக்கு வந்தது. அவனை வெளியே அனுப்பிவிட்டு, விரிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பிஸ்மி சொல்லிப் படத்தைத் திறந்தேன். இயந்திரம் திணறாமல் ஓடியது. பெண் வந்தாள், சாச்சியின் கை போனது. கட்டங்கள் அதே இடத்தில் வந்தன.

"இன்னும் இரிக்கி" என்றேன்.

கதவுக்கு அங்கால் நின்று மெதுவாகச் சொன்னான். "அப்ப, உள்ளுக்கு ஏத்தக்குள்ளயே பழுதாகிப் பதிஞ்சிட்டு, ராத்தா. கசட்ல இருந்து திரும்ப ஏத்தினாச் சரி."

"எந்தக் கசட்?"

எங்கள் வழக்கம் அவனுக்கும் தெரியும்.

வேறு யாரும் இதைச் சரிசெய்து தருவார்களா என்று என் கணவர் கேட்டார். அக்கரைப்பற்றில் நல்ல கெட்டிக்காரன் ஒருவன் இருக்கிறானாம். ஊர்ப் பெண்களின் படத்தை இன்னொரு ஆணின் மேசையில் கொண்டுபோய் வைக்கவா என்று கேட்டேன், செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார். மூத்தவள் குவைத்தில் கேட்டது ஒரே ஒரு இடம். நாள் முழுக்க எடுத்த படத்தில் வாசலில் நின்ற ஆடுகூடத் தெளிவாக இருந்தது, அந்த இடம் மட்டும் இல்லை.

சாச்சியை வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன்.

"அழிச்ச கசட்டத் திருப்பி எடுக்க ஏலாதாகா?"

"ஏலா, சாச்சி. நீங்கதானே கடைசி வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்த."

"நான் பாத்தா? நீ சொல்லியிரிக்கணும், கொஞ்சம் பொறுங்க எண்டு." பிறகு திரைக்குக் கிட்டக் குனிந்தார். "இது என்ன, என்ட கையா?"

"ஓம்."

"பச்சையாக் கிடக்கு. இத அனுப்பினா வீட்டுல ஏதோ நடந்திட்டெண்டு அழுவாள் அவள். தொழுவிச்சு அடக்கப் போற மையத்துட கை மாதிரி இரிக்கி." எழும்பி முக்காட்டைச் சரிசெய்தார். "கூறைச் சேல கிடக்கு. சங்கிலி கிடக்கு. பொண்ணும் கிடக்குதானே? திரும்ப எடு."

நான் வேண்டாம் என்று சொல்ல எவ்வளவோ காரணம் வைத்திருந்தேன். கையில் மருதோன்றி மங்கிவிட்டது, பெண்ணின் முகத்தில் அந்தக் கூச்சம் இருக்காது, இரவல் நகையெல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று. சாச்சி ஒவ்வொன்றுக்கும் கையை ஆட்டி, "அதெல்லாம் நான் பாத்துக்கொள்றன்" என்றார். நகை திரும்ப வந்தது. மருதோன்றி திரும்ப வைத்தார்கள். புது மாப்பிள்ளையை, "கொஞ்சம் வெளிய போய் வாங்க மகன்" என்று அவருடைய வீட்டிலிருந்தே அனுப்பினார்கள். அண்டை வீட்டுப் பெண்கள் அதே உடுப்பில் வந்தார்கள். ஒருத்தி கொஞ்சம் பெருத்திருந்தாள், அவளைப் பின்னால் நிற்கவைத்தேன்.

அதுவும் எந்த நாளில்? யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன நாளில். கமராவை எடுத்துவைத்த நேரம் மெயின் வீதியில் வெடி கொளுத்தத் தொடங்கினார்கள். வெடிச் சத்தம் கேட்டால் உள்ளே ஓடிப் பழகிய பெண்கள், பாதிப் பேர் குனிந்துவிட்டார்கள். பிறகு பட்டாசு என்று தெரிந்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் சந்தோஷப்படவும் இல்லை, அழவும் இல்லை. தமிழ் ஆட்கள் இருக்கிற பாண்டிருப்புப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

"சாச்சி, சத்தம் எல்லாம் பதியும். வேறொரு நாளைக்கு எடுப்பம்" என்றேன்.

"இவள்கள இன்னொருக்காக் கூட்டி இருத்த என்னால ஏலா. சத்தம் வந்தா என்ன? கலியாணத்துக்குக் கொளுத்தினதெண்டு நினைச்சுக்கொள்ளுவாள். எடு."

எடுத்தேன். பெண் வந்து இருந்தாள். சாச்சி பின்னால் நின்று சங்கிலியைப் போட்டார். இத்தனை நாளும் வீட்டில் மாட்டி மாட்டிப் பழகியிருப்பார் போல, கொளுக்கி ஒரேயடியாக விழுந்தது. பெண்கள் குரவை போட்டார்கள். தெருவில் வெடி தொடர்ந்து வெடித்துக்கொண்டிருந்தது.

இந்த முறை கொம்பியூட்டர் கம்பனி சொன்ன வேகத்தில், இரண்டு ரேமோடு, ஆமை மாதிரி ஊர்ந்து ஒரு பகலும் இரவும் எடுத்தது. தம்பி கதவுக்கு வெளியே வந்து, "இன்னும் முடியல்லையா?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆறுதல். சங்கிலிக் கசட்டை நான் அழிக்கவில்லை. டிவிடி போய்ச் சேர்ந்து, அவள் பார்த்தேன் என்று சொல்லும்வரை அழிக்க மாட்டேன் என்று சாச்சியிடம் சண்டை பிடித்து, கழற்றிய இரண்டு ரேமோடும் சேர்த்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

குவைத்திலிருந்து போன் வந்தபோது சாச்சி என்னையும் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மேசையில் வைத்தார்.

"உம்மா, வெடி கொளுத்தினீங்களா?"

சாச்சி என்னைப் பார்த்தார். "ஓம், மகள்."

"கூரைக்கு அனுப்பின காசையா கரியாக்கின? அவ்வளவு வெடியா? ஊருல சிரிச்சிரிப்பாங்க."

"நாங்க இல்ல. மாப்பிள்ளட ஆக்கள் கொளுத்தின."

"மாப்பிள்ளட ஆக்களா? அவங்க வெத்திலைக்கே கணக்குப் பாக்கிற ஆக்கள் எண்டீங்களே."

"அண்டைக்குப் பாக்கல்ல."

பிறகு மூத்தவளின் குரல் இறங்கி வந்தது.

"சங்கிலி வடிவா இரிக்கி உம்மா. திரும்பத் திரும்பப் பாத்திட்டன். ஆனா உங்களுக்குக் கை நடுங்குமே. கொளுக்கிய எப்பிடி ஒரேயடியா மாட்டின?"

சாச்சி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினார், நீயே சொல்லு என்பது மாதிரி. நான் போனுக்குக் கிட்டக் குனிந்தேன்.

"முதல்ல நடுங்கினதுதான்" என்றேன். "மாட்ட ஏலாம நிறையத்தரம் பாத்த. எல்லாரும் குரவையப் போட்டுப் போட்டு நிப்பாட்டின. மறுகா மாட்டுப்பட்டதும் உம்மாவும் தங்கச்சியும் சேந்து சிரிச்ச. அந்தத் துண்டு எங்கட கொம்பியூட்டர்ல பழுதாகிட்டு."

"அப்ப நான் பாத்தது?"

"அது பொறகு எடுத்த."

போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், வைக்கவில்லை.

"எத்தினதரம் பாத்த, மாட்டுறதுக்கு?" என்று கேட்டாள். "எனக்குச் சொல்லுங்க ராத்தா. முதல்ல இருந்து சொல்லுங்க."

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். நான் தடுமாறிய இடங்களில் சாச்சி தலைப்புக்குள் இருந்தபடியே திருத்தினார்.

வீட்டுக்கு வந்தபோது தம்பி வாசலில் நின்றான்.

"ராத்தா, சின்ன ஃபேன் ஒண்டு கிடைச்சிரிக்கி. பெட்டிக்குள்ள வைக்கலாம். அந்த ரெண்டு ரேமையும் திரும்பப் போட்டா..."

அலுமாரியைப் பூட்டிய திறப்பு என் இடுப்பில் செருகியிருந்தது. அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.